ஓட்டைக்கு யார் உபயம்?

1

இன்றோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சுமதி காலையிலேயே கேசரி கிண்டிவிட்டாள். வருஷா வருஷம் இந்த நாளில் எங்கள் வீட்டில் கேசரி உண்டு. முதல் வருஷம் அழுதுகொண்டே கிண்டினாள். இப்போது ஃபோனில் பேசிக்கொண்டே கிண்டுகிறாள். முன்னேற்றம்தான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே எஞ்சினியர் இல்லை. வேலை கிடைத்து வந்தவள் என் மனைவி சுமதி. அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். தருமபுரியில் படித்த என் சிவில் டிப்ளமாவை இங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மொழி படித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஒரு முத்திரைக்கு இன்னொரு முத்திரை வாங்கி, கடைசியில் ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூடத்து 'ஹவுஸ்மைஸ்டர்' ஆனேன். கேட்பதற்கு ஹெட்மாஸ்டருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என்றுதான் அர்த்தம். பூட்டு, குழாய், பல்பு, ஹீட்டர், ஜன்னல் எல்லாம் என் பொறுப்பு. என் மாமனார் இன்றுவரை மருமகன் வாத்தியார் என்றே நல்லம்பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் தடுக்கவில்லை.

இன்று காலை ஏணி மேல் நின்று ஒரு ஜன்னல் தாழ்ப்பாளை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. காவேரியிடமிருந்து குரல் செய்தி. காவேரி என்னோடு பத்தாவது படித்தவள். இப்போது நாங்கள் படித்த அதே அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. ஏணி மேல் நின்று ஃபோன் பார்ப்பது இங்கே பெரிய குற்றம், அதனால் எடுக்கவில்லை. ஆனால் இன்று முழுக்க என் கவனம் ஃபோன் இருந்த சட்டைப்பையிலேயே இருந்தது.

காரணம் இருக்கிறது. போன ஏப்ரலில் ஊருக்கு வந்தபோது, அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறையில் ஒரு சுவரை உடைத்தோம். காற்றுக்காகத்தான் உடைத்தோம். உடைத்ததில் என் சிநேகிதன் மாதேஷுடைய அப்பாவின் பெயரும் சேர்ந்து போயிற்று. அன்றிலிருந்து மாதேஷ் என்னோடு பேசவில்லை.

2

இந்த ஊர்க்காரர்களின் ஜன்னல் பழக்கம் வந்த புதிதில் எனக்குப் பிடிபடவே இல்லை. வெளியே பனி கொட்டும். உள்ளே ஹீட்டர் ஓடும். டீச்சர் திடீரென்று எழுந்துபோய் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிடுவார். பிள்ளைகள் பேசாமல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மூடுவார்கள். அடுத்த பீரியடில் மறுபடியும் இதே கூத்து.

எனக்கு வயிறு எரியும். ஒரு பல்பு சும்மா எரிந்தால் வீட்டையே இரண்டாக்கும் அம்மா வயிற்றில் பிறந்தவன் நான். கரண்ட்டையும் கேஸையும் இப்படி வெளியே கொட்டுகிறார்களே, பாவிகளா என்று, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டே போவேன். ஒரு நாள் கணக்கு டீச்சர் திருமதி கெல்லரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. 'வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்' என்றார். போய்விட்டு வந்தேன். 'இப்போது மூக்கால் சொல்லுங்கள்' என்றார். கதவைத் திறந்ததுமே தெரிந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் விட்ட மூச்சும் வேர்வையும் ஈரக் கோட்டு வாடையும் மூஞ்சியில் அடித்தது. பிறகு பொறுமையாகச் சொன்னார். ஜன்னலை நாள் பூரா லேசாகச் சாய்த்து வைத்தால் சுவரும் பெஞ்சும் குளிர்ந்து போய், ஹீட்டர் தண்டமாக ஓடும். விரியத் திறந்து சட்டென்று மூடினால் காற்று மட்டும்தான் மாறும், சூடு சுவரிலேயே நிற்கும். கரண்ட்டும் மிச்சம், மூச்சும் மிச்சம். அட, இதில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தையே புதுப்பித்தார்கள். சுவருக்கு வெளியே கனமாக ஒரு உறை போர்த்தினார்கள், ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. ஹீட்டர் செலவு நன்றாகவே குறைந்தது. ஆனால் அறைகள் ஊறுகாய் ஜாடி மாதிரி இறுகிப்போய், பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்தன, தலைவலி என்றன. அப்புறம்தான் ஒவ்வொரு வகுப்பிலும் சின்னப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். காற்று கெடக் கெட அதில் எரியும் பச்சை விளக்கு மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சிவப்பு வந்தால் பிள்ளைகளே எழுந்து ஓடித் திறந்துவிடும். கட்டடத்தை எவ்வளவு போர்த்தினாலும் அது மூச்சுவிட வழி வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஊரில் டிப்ளமா படித்தபோதும் இதைத்தான் படித்திருப்பேன். பரீட்சைக்குப் படித்ததால் பரீட்சையோடு போய்விட்டது போல.

எங்கள் வீட்டில் ஜன்னல் சமாச்சாரம் இனியாவின் இலாகா. இரண்டு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினாலு. தமிழ் பேசுவாள், ஆனால் உள்ளே ஓடுவது ஜெர்மன்தான். 'அப்பா, ஜன்னலை மேலே பண்ணுங்க' என்பாள். திறக்க வேண்டும் என்று அர்த்தம். விளக்கை அணைக்க 'லைட்டை வெளியே பண்ணுங்க'. 'ஏன்டி, லைட்டு என்னா பூனைக்குட்டியா, வெளிய பண்றதுக்கு?' என்று சுமதி கத்துவாள். இனியா தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுவாள். திருத்தித் திருத்தி எங்களுக்கும் சலித்துவிட்டது. ஊருக்கு வரவும் அவளுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. போன ஏப்ரலில் ஈஸ்டர் லீவுக்கு அவளைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

3

எங்கள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. ரோஜாப்பூவோடு காலை வணக்கம், பத்திரிகை, காதுகுத்து, நடுநடுவே பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்ப்பா என்ற பேச்சு. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படிப் பேசியே பத்தாம் வகுப்பு அறைக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தோம். ஸ்மார்ட் கிளாஸ்.

அந்த அறையின் மேற்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, மூன்று வெண்டிலேட்டர்கள் இருந்தன. கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்டாலே ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது. நான் சொல்வது பழைய கட்டடங்களில் சூடான காற்று வெளியேற வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன ஜன்னல்கள். அதன் வழியாக வெளிச்சம் விழுந்து திரையில் படம் வெளிறியது. அந்தப் பக்கம் நெடுஞ்சாலை, லாரித் தூசி வேறு. செங்கல் வைத்து மூன்றையும் அடைத்துப் பூசிவிட்டோம். பூசி முடித்ததும் உயரத்தில் வெள்ளை வெளேரென்று மூன்று சதுரம். 'இவ்ளோ நல்ல எடம் சும்மா கெடக்குதேப்பா' என்று யாரோ சொல்ல, பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டோம்.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதியே வெளிச்சம் வராது. ஃபேன் இறக்கையில் பெயர் எழுதுவார்கள், சுற்றும்போது படிக்க முடியாது என்று ஆளில்லாத நேரத்தில் நிறுத்திவைத்துப் படிப்பார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீலப் பெயிண்டில் முதல் சதுரத்தில் 'முருகேசன், ஜெர்மனி' என்று எழுதிய படம் குழுவில் வந்தபோது, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சுமதியிடம் காட்டியவன் நான்தான். மூன்றாவது சதுரத்தில் ''ஆ' பிரிவு முன்னாள் மாணவர்கள்'. நடுச் சதுரத்தில் 'மாதையன் நினைவாக'.

மாதையன் மாதேஷின் அப்பா. பொம்மிடி ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். மாதேஷ் இப்போது நல்லம்பள்ளியில் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருக்கிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான். எழுத்தெல்லாம் வரைந்து முடிந்ததும் அவன் அம்மாவை ஆட்டோவில் அழைத்து வந்து காட்டியிருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, 'இதுல எதுடா உங்கப்பன்?' என்று கேட்டார்களாம்.

புரொஜெக்டர் இரண்டே வருஷத்தில் மூச்சை விட்டது. பெயர்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. போன வருஷம் குழுவில் அடுத்த யோசனை கிளம்பியது, அதே அறைக்கு ஏசி. செலவு முழுக்க மாதேஷ் ஏற்றுக்கொண்டான், அப்பா நினைவாக. நான் ஊருக்கு வரும்போது திறப்பு விழா என்று முடிவாயிற்று. நானும் கைதட்டி ஆமாம் போட்டேன். காவேரி மட்டும் குழுவில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

4

ஏப்ரலில் ஒரு மத்தியானம் இனியாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒன்பதாவது முடிக்கப்போகிற பிள்ளைகளை முன்கூட்டியே பத்தாம் வகுப்பு அறையில் உட்காரவைத்துப் பாடம் தொடங்கும் வழக்கம் இப்போது எல்லா ஊரிலும் உண்டே, அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே டியூப்லைட் எரிந்தது. மூன்று ஃபேனும் சுற்றின, ஆனால் கூரையிலிருந்து இறங்கிய அனலைத்தான் கிண்டிக் கிண்டிப் பிள்ளைகள் மேல் ஊற்றின. பாதி பிள்ளைகளுக்குக் கண் சொக்கியிருந்தது. எனக்கு அந்தக் கணக்கு டீச்சர்தான் ஞாபகம் வந்தார். மூக்கால் சொல்லுங்கள்.

இனியாவால் பொறுக்க முடியவில்லை. ஜெர்மனியில் அவள் பள்ளியில் வெயில் கொஞ்சம் ஏறினால் போதும், லீவு விட்டு அனுப்பிவிடுவார்கள். முன் பெஞ்சில் இருந்த பெண்ணிடம் தன் தமிழில் கேட்டாள், 'இவ்வளவு சூடுன்னா உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா?'

'வூட்டுக்குப் போனா இதவுட வேக்காடுங்க அக்கா. எங்குளுது சிமெண்ட் ஷீட்டு வூடு' என்றது அந்தப் பெண். பெயர் பவித்ரா. சிரித்துக்கொண்டேதான் சொன்னது.



காவேரி என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். 'முருகேசா, ஏசியெல்லாம் வேணாம்டா. நீதான் அவங்கிட்டச் சொல்லணும்.'

'ஏன், என்னாச்சு?'

'என்னாச்சா? போன வருசம் திருப்புதல் பரீட்சை எழுதறப்ப ஒரு புள்ள இந்த ரூம்லதான் மயங்கி வுழுந்துச்சு. பாதி பேப்பர்தான் எழுதியிருந்துச்சு. ஏசி மாட்டுனா தொறப்பு விழா அன்னிக்கி ஓடும். அப்புறம் மத்தியானத்துல இங்க வர்ற வோல்டேஜுக்கு ஃபேனே நொண்டுது. பில்லு யாரு கட்டுவா? ஏசி இருக்குதுன்னு கெழக்கால ஜன்னலயும் மூடிருவாங்க. கரண்ட் போச்சுன்னா அடச்ச ரூம்ல புள்ளைங்க வேகும்.'

'என்னதான் பண்ணணும்ங்கற?'

அவள் கையை உயர்த்தி எங்கள் பெயர்களைக் காட்டினாள். 'அதத் தொறக்கணும். மொட்டமாடிக்கு வெள்ள அடிக்கணும். கம்மி கரண்ட்டு இழுக்குற ஃபேன் மாத்தணும். அவ்ளோதான்.'

'இத ஏன்டி குழுவுலயே சொல்லல?'

'குடுக்க வர்றவங்கள வேணாம்னு சொன்னா அடுத்த தபா எவன் வருவான்? நான் உள்ளூர்க்காரி, எம்பேச்சு எடுபடாது. நீ ஃபாரின்காரன். நீ சொன்னா ஓட்டையக்கூட டெக்னாலஜிம்பாங்க.'

எப்பேர்ப்பட்ட கைகாரி பாருங்கள். குழுவில் ஒரு கும்பிடோடு நிறுத்திக்கொண்டு நான் வரும்வரை காத்திருந்ததே இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5

மறுநாள் அவள் அறையில் நாங்கள் மூன்று பேர். ஏசி பெட்டி பிரிக்காமல் மூலையில் நின்றது. நான் ஜெர்மனியில் பார்த்ததை எல்லாம் எடுத்துச் சொன்னேன். சூடு மேலேதான் ஏறும், அது போக மேலேயே ஒரு வழி வேண்டும், வழி விட்டால் கிழக்கு ஜன்னலில் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும், பகலில் டியூப்லைட்டும் வேண்டாம் என்றெல்லாம்.

மாதேஷ் முழுசாகக் கேட்டான். பிறகு வெடித்தான். 'என்னாடா பேசற? நான் ஏசி வாங்கித் தர்றேங்கறேன், நீ ஓட்ட போடுங்கற. ஓட்டைக்கு எவன்டா உபயம் எழுதுவான்?'

'எழுதலன்னா என்னாடா இப்ப?'

'ஒனக்கு என்னா, பாஸ்போர்ட்டுல பேரு இருக்குது, ஊரெல்லாம் ஜெர்மனி ஜெர்மனிங்குது. எங்கப்பன் பேரு எங்கடா இருக்குது? இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள அவரு ஒரே ஒருக்காதான் வந்தாரு, என்னியச் சேக்க. கைநாட்டு வெச்சிட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போனாரு. அவரு பேரு இருக்கற ஒரே எடம் அந்தச் செவுரு. அத இடிக்கச் சொல்றியா?'

ஜெர்மனியில் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. காவேரிதான் மெதுவாகப் பேசினாள். 'சரி மாதேசு, இடிக்க வேணாம். ஏசியே மாட்டலாம். எந்தப் பக்கம் மாட்டலாம்னு நீயே ஒரு தபா ரூமுல உக்காந்து பாத்துச் சொல்லேன்.'

அவன் போய்க் கடைசி பெஞ்சில், அப்பா பெயருக்கு நேர் கீழே உட்கார்ந்தான். சாப்பாட்டுக்குப் பிறகான பீரியட். அவன் இருப்பதை மறந்து பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தன, விசிறிக்கொண்டன, தூங்கி விழுந்தன. மணி அடித்ததும் வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் இருவரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதற்கிடையில் அனுமதி என்ற பூதம். எங்கள் ஜெர்மன் பள்ளியில் ஒரு ஜன்னல் கைப்பிடி மாற்ற மூன்று ஆபீஸுக்கு எழுதி, ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஊரிலாவது சுலபம் என்று நினைத்தால், அரசாங்கச் சுவரை உடைக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். 'அடைக்கறப்ப ஒருத்தரும் கேக்கல, ஒடைக்கறப்ப மட்டும் கேப்பாங்க' என்று சொல்லிக்கொண்டே காவேரி அலைந்தாள். கடைசியில் வந்து பார்த்த எஞ்சினியர் நல்ல மனுஷர். 'புதுசா ஓட்ட போட்டாத்தாங்க வில்லங்கம். ஏற்கெனவே இருந்த ஜன்னல், மேல செவுத்தத் தாங்குற லிண்டலும் கெட்டியா இருக்குது. ரிப்பேர்னு பண்ணிக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை. காவேரி சொன்ன கொத்தனார் சாரம் கட்டி முடித்து உளியை எடுத்தபோது மாதேஷ் வந்து நின்றான். கையில் சம்மட்டி.

'எறங்குங்க மேஸ்திரி. எங்கப்பன் பேர நாந்தான் ஒடைப்பேன். வேற எவன் கையும் படக்கூடாது.'

ஏறினான். நேராக நடுச் சதுரத்துக்கு முன்னால் போனான். பிறகு அடித்தான். நாலைந்து அடியில் செங்கல் வெளிப்பக்கமாகப் பெயர்ந்து விழுந்தது. அந்த ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தான். 'டேய், அடுப்பு வாயாட்டம் அனலு வெளிய போவுதுடா' என்றான். அன்றைக்கு அவன் என்னிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

என் பெயரையும் அவனே உடைத்தான். அதில் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேகம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. மூன்றுக்கும் வலை அடித்து, கீழே நின்று கயிறு இழுத்தால் திறந்து மூடுகிற பலகைச் சட்டம் போட்டோம். மேலே சன்ஷேட் பழையபடி இருந்ததால் வெயிலும் நேராக அடிக்காது. ஏசியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஃபேன்களும், மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சும் மாதேஷே வாங்கிப் போட்டான். எல்லாம் முடிந்ததும் காவேரி கேட்டாள், 'மாதேசு, ஜன்னலுக்குக் கீழ அப்பா பேர எழுதிரலாமா?'

'ஓட்டைக்கா? வேணாம். எங்கப்பன் பேரு ஓட்டைக்கு வேணாம்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்று இரவே குழுவிலிருந்து விலகினான். ஒவ்வொரு முறையும் என்னைப் பெங்களூர் ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுவிடுகிறவன் இந்த முறை வரவில்லை. காரில் இனியா கேட்டாள், 'மாதேஷ் மாமாவுக்கு நம்ம மேல கோபமா?' ஆமாம் என்றேன். 'ஆனா அந்த அக்காங்களுக்குக் காற்று வருமா?' வரும் என்றேன். எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்றுகூடத் தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

6

ஆறு மாதமாக ஃபோன் போட்டுப் பார்த்துவிட்டேன். எடுக்கவில்லை. காற்றைக் கொண்டுவந்து சிநேகிதனைத் தொலைத்துவிட்டோமே என்று இருந்தது. செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தப்பு என்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம், சரியானதைச் செய்துவிட்டு என்ன கேட்பது? மூட்டை தூக்கிய ஒரு மனுஷருக்கு இந்த உலகத்தில் இருந்த நாலு எழுத்தையும் இடிக்க நான்தான் வழிகாட்டினேன் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று காவேரியின் செய்தியைப் போட்டேன். ஸ்பீக்கரில். சுமதி தாளிப்பதை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள். இனியாவும் இயர்ஃபோனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு வந்தாள்.

'முருகேசா, நேத்து நடந்த கூத்தக் கேளு. கொழந்தைங்க தினத்துக்கு ஃப்ளெக்ஸ் சொல்லியிருந்தேன், மாதேசு குடுக்க வந்தான். பத்தாவது ரூமுக்கு வெளியதான் நின்னுக்கிட்டிருக்கான். மழ வர்ற மாதிரி ஒரே புழுக்கம். உள்ளார பசங்க கத்துறானுங்க, டேய், மாதையன இன்னும் நல்லாத் தொறடா, வேவுது! அப்பிடிங்கறான் ஒருத்தன். ஜெர்மனிய மூடுறா, லாரித் தூசி வருதுங்கறான் இன்னொருத்தன்.'

எனக்குச் சிரிப்பு வருமுன் பயம்தான் வந்தது.

'மாதேசு கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டான். எவன்டா அது எங்கப்பனப் பேரு சொல்றதுன்னு. புள்ளைங்க அரண்டு எந்திரிச்சு நின்னுருச்சுங்க. அப்பறம் அந்தப் பவித்ரா இருக்கே, அதுதான் சொல்லுச்சு. திட்டாதீங்க மாமா, நாங்க மூணு ஜன்னலயும் அப்பிடித்தாங்க கூப்புடுவோம். முன்ன அங்க பேரு எழுதியிருந்துச்சுல்லங்க. ஜெர்மனியில தூசி வரும், 'ஆ' பிரிவு இறுக்கிக்கும், தொறக்காது. மாதையன்லதாங்க காத்து வரும். காலையில வந்ததும் மொதல்ல மாதையனத்தான் தொறப்போம்னுச்சு.'

இனியா இயர்ஃபோனின் இன்னொரு பக்கத்தையும் கழற்றினாள். காவேரி தொடர்ந்தாள்.

'அவன் அந்தக் கடைசி பெஞ்சுலயே உக்காந்து அழுதுட்டான்டா. புள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் கண்ணத் தொடச்சிக்கிட்டு ஆட்டோ எடுத்துட்டுப் போனவன், அவங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். அம்மா வந்து அண்ணாந்து பாத்துட்டு, இதுல எதுடா உங்கப்பன்னு கேட்டாங்க. புள்ளைங்க அத்தன பேரும் ஒண்ணாக் கையக் காட்டுச்சுங்க. நடுவுலங்க, தொறந்து கெடக்குதே அதாங்கன்னு. அந்த அம்மா அங்கயே ரொம்ப நேரம் நின்னாங்க. காத்து நல்லா வருதுன்னாங்க. இரு, இவன் பேசணுங்கறான்.'

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். பிறகு மாதேஷ்.

'டேய் ஜெர்மனி. ஒன்னால தூசிதான்டா வருது. அடுத்த தபா வந்து ஒன்ன ரிப்பேர் பண்ணிட்டுப் போ. ஏர்போர்ட்டுக்கு நான் வர்றேன்.'

அவ்வளவுதான் செய்தி. நான் வெட்கப்படாமல் அழுதேன். சுமதியும் அழுதாள், வெங்காயம் என்றாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது எல்லாவற்றுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். ஜன்னலைத் திறக்கக் கற்றுக்கொடுத்த இந்த ஊருக்கு, என்னை நைசாக ஏமாற்றி நல்லது செய்யவைத்த காவேரிக்கு, சம்மட்டியைத் தானே தூக்கிய என் மாதேஷுக்கு. யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தக் காலத்திலேயே அந்தச் சுவரில் மூன்று ஜன்னல் வைத்துக் கட்டினாரே, அவருக்கும்தான். அவர் பெயரை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதேஷுக்கு ஃபோன் போட எடுத்தேன். அதற்குள் அடுப்பில் மிளகாய் கருகி வீடெல்லாம் நெடி. மூன்று அடுக்குக் கண்ணாடி வீட்டில் நெடி எங்கே போகும்? எல்லோரும் இருமினோம். இனியா மூக்கைப் பொத்திக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள், அங்கிருந்து கத்தினாள்.

'அப்பா! சீக்கிரம் மாதையனைத் தொறங்க!'

ஓடிப்போய்த் திறந்தேன்.